கடலுக்கடியில் பொங்கிய இட்லி மாவு

விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரைக்குப் போனவர்கள் குர்சுராவைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். 2001-இல் ஓய்வு பெற்ற நீர்மூழ்கிக் கப்பல் அது. கடலிலிருந்து இழுத்து வந்து மணல்மேல் ஏற்றி, 2002 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். குனிந்து நிமிர்ந்து ஏழு அறைகளையும் கடந்து வெளியே வருகிறவர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். வெளிக்காற்று பட்டதும் நீளமாக மூச்சு விடுகிறார்கள். “இதுக்குள்ள மாசக்கணக்குல எப்படித்தான் இருந்தாங்களோ!” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே ஐஸ்கிரீம் வண்டியைத் தேடிப் போகிறார்கள்.

எப்படி இருந்தோம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. குர்சுராவின் உடன்பிறப்புகளில் ஒன்றில்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் இளம் லெப்டினன்டாகச் சேர்ந்தேன். வேர்வை, வெக்கை, டீசல் நாற்றம் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இரும்புக் குழாய்க்குள் சிரித்த அளவுக்கு என் வாழ்க்கையில் வேறெங்கும் நான் சிரித்ததில்லை. சிரிக்காமல் அங்கே இருக்கவும் முடியாது. சுமார் 75 பேர். ஒருவர் மூச்சு விட்ட காற்றைத்தான் அடுத்தவர் இழுக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு மூலை கிடையாது. காலையில் சண்டை போட்டவனின் தோளை உரசாமல் மதியம் சாப்பிடப் போக முடியாது. அதனால் எந்த மனஸ்தாபமும் சாப்பாட்டு நேரத்துக்குள் கேலியாகி, கேலி சிரிப்பாகி முடிந்துவிடும்.

ஃபாக்ஸ்ட்ராட் வகை என்று அந்தக் கப்பல்களைச் சொல்வார்கள். சோவியத் நாட்டில் கட்டியவை. நீளம் 91 மீட்டர், அகலம் ஏழரை மீட்டர். அந்த அகலத்திலும் இயந்திரங்களும் குழாய்களும் பேட்டரிகளும் போக மனிதனுக்கு மிஞ்சுவது நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். முதல் கப்பலான கல்வரியை 1967 டிசம்பர் 8-ஆம் தேதி ரீகா துறைமுகத்தில் கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன் தலைமையில் நம் கடற்படையில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு நடந்த அரபு-இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு ஜூலையில்தான் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. இன்றும் டிசம்பர் 8 எங்களுக்குப் பெருநாள். அந்தத் தலைமுறை விளாடிவாஸ்டாக் குளிரில் ரஷ்ய மொழியோடு சேர்த்துத் தொழிலையும் கற்று வந்தது. நாங்கள் சேர்ந்தபோது அவர்களில் சிலர் மூத்த பெட்டி ஆபீசர்களாக இருந்தார்கள். மீட்டர்களுக்குக் கீழே ரஷ்ய எழுத்தில் எழுதியிருப்பதை அநாயாசமாகப் படிப்பார்கள். கோபம் வந்தால் வசவும் ரஷ்ய மொழியிலேயே வரும். அர்த்தம் தெரியாததால் வாங்கிக் கட்டிக்கொள்கிறவனுக்கும் வருத்தம் இருக்காது.

கப்பலில் சேர்ந்துவிட்டால் மட்டும் ஒருவன் நீர்மூழ்கி வீரனாகிவிட முடியாது. மார்பில் டால்ஃபின் சின்னம் குத்திக்கொள்ள வேண்டுமானால் கப்பலை முழுக்கப் படித்திருக்க வேண்டும். முழுக்க என்றால், எந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பது வரை. விளக்கு அணைந்து போனாலும் கை தானாகப் போய்ச் சரியான வால்வின்மேல் நிற்க வேண்டும். சமையல்காரருக்கும் இதே தேர்வு, கேப்டனாகப் போகிறவருக்கும் இதே தேர்வு. ஒரு அறையில் தண்ணீர் புகுந்தால் அங்கே யார் நிற்கிறாரோ அவர்தான் கப்பலைக் காப்பாற்ற வேண்டும். அந்த நேரத்தில் தோளில் இருக்கும் பட்டையை யார் பார்ப்பார்கள்?

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இயந்திரப் பிரிவு பெட்டி ஆபீசர் ஒருவர். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, கையைப் பிடித்துக் குழாய்களின்மேல் வைப்பார். “தொட்டுப் பாருங்க சார். சூடா இருக்கா? அப்ப எண்ணெய். ஜில்லுனு வேர்த்திருந்தா வெளியில இருக்கிற கடல். சந்தேகமா இருந்தா நாக்குல வச்சுப் பாருங்க. உப்புக் கரிச்சா என்னைக் கூப்பிடாதீங்க, மொதல்ல வால்வை மூடுங்க!” வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போடுவார். ஆனால் தவறாகச் சொன்ன அதிகாரியை முதல் அறையிலிருந்து ஏழாவது அறை வரை மறுபடி தவழ விடுவார். அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது கதவல்ல, வட்டமான ஓட்டை. ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, மறு காலை இழுக்க வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்த பஞ்சாப் மாலுமி ஒருவர் எங்களோடு இருந்தார். அவருடைய நெற்றிப் புடைப்பை வைத்து அவர் அன்றைக்கு எத்தனை அறை கடந்தார் என்று பந்தயம் கட்டுவார்கள்.

புதியவர்களுக்கு முதல் முழுக்கின்போது ஒரு சடங்கு உண்டு. ஆழம் போனதும் குழாயிலிருந்து கடல்நீரை ஒரு கோப்பையில் பிடித்து நீட்டுவார்கள். ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். முகம் கோணக் கூடாது. சுற்றி நிற்கும் முப்பது நாற்பது கண்களும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கோணாமல் இருப்பது பெரிய வித்தை. எங்கள் தொகுதியில் திருச்சூர்ப் பையன் ஒருவன் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பி நீட்டி, “கொஞ்சம் எலுமிச்சம்பழம் கிடைக்குமா?” என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் பெயரே எலுமிச்சை ஆகிவிட்டது. பின்னாளில் அவன் பெரிய பதவிக்கு வந்தபிறகும் எங்களுக்கு அவன் எலுமிச்சைதான்.

அதே முழுக்கில் இன்னொன்றும் காட்டுவார்கள். நீர்மட்டத்தில் இருக்கும்போதே கப்பலின் இடப்பக்கச் சுவரிலிருந்து வலப்பக்கச் சுவருக்கு ஒரு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுவார்கள். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நூறு மீட்டருக்குப் போனால் பத்து மடங்கு. அதற்கும் கீழே போகப் போக இன்னும். விரல் போட்டுச் சுண்டினால் ‘டங்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நூல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து நடுவில் தொங்க ஆரம்பிக்கும். நூல் நீளவில்லை, கடல் கப்பலை இறுக்குகிறது. எங்கோ ஓரிடத்தில் இரும்பு முனகும். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கூட நிற்கிறவனை நம்ப வேண்டும் என்று பத்துப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதை அந்த ஒரு நூல் காட்டிவிடும். மேலே வர வர அது மறுபடி விறைத்துக்கொள்ளும்போது எல்லோருக்கும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எத்தனை முறை பார்த்தவருக்கும் வரும்.

நீருக்கடியில் கப்பல் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சமனாக நிற்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் எடைக்குக் கணக்கு வேண்டும். நாங்கள் அதை ட்ரிம் என்போம். அரிசி மூட்டை எங்கே வைத்திருக்கிறது, எவ்வளவு டீசல் எரிந்தது, எத்தனை பேர் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். எடை கூடினால் டேங்கிலிருந்து நீரை வெளியே தள்ள வேண்டும், குறைந்தால் உள்ளே விட வேண்டும். முன்பக்கம் கனத்தால் பின்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இந்தப் பொறுப்பை முதன்முதலாக ஏற்கும் அதிகாரிக்கு வைக்கும் சோதனை ஒன்று உலகத்தில் உள்ள பல நீர்மூழ்கிகளிலும் நடப்பதுதான்.

எங்களுக்கு ஓராண்டு பின்னால் சேர்ந்த ஒரு லெப்டினன்டுக்கு அந்த நாள் வந்தது. பையன் மகா கெட்டிக்காரன், கணக்கில் புலி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து போட்டுவைத்திருந்த கணக்குப்படி கப்பல் அசையாமல் நின்றது. கேப்டன் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துப் பின் அறையிலிருந்து இருபது பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனைநடையில் முன் அறைக்குப் போனார்கள். இருபது பேர் என்றால் ஆயிரத்து இருநூறு கிலோவுக்குக் குறையாது. கப்பல் மெல்ல மூக்கைக் கவிழ்த்தது. பையன் புருவத்தைச் சுருக்கிவிட்டு, நீரைப் பின்பக்கத்துக்கு மாற்றச் சொன்னான். சமனானது. உடனே அந்த இருபது பேரும் அதே பூனைநடையில் பின்னால் வந்தார்கள். இப்போது வால் தாழ்ந்தது. மறுபடி நீரை முன்னால் மாற்றினான். கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான் அவர்கள் போய் வர வேண்டும். ஒவ்வொருவரும் கையில் ஒரு துணியோ, ஸ்பானரோ, தட்டோ வைத்துக்கொண்டு, ஏதோ அவசர வேலையாகப் போவதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை அந்த ஆறடிப் பஞ்சாப் மாலுமி ஓட்டையில் இடித்துக்கொண்டு ‘ஓய்’ என்று கத்தினார். பையன் திரும்பிப் பார்த்தான், வரிசையாகக் குனிந்து நிற்கும் இருபது பேரும் தெரிந்தார்கள். அவன் செய்ததுதான் அழகு. மைக்கை எடுத்து, “எல்லோரும் இருந்த இடத்திலேயே நில்லுங்கள். உங்களை இப்போது எடையாகக் கணக்கில் எழுதிக்கொள்ளப் போகிறேன்” என்று உத்தரவு போட்டான். கேப்டன் கைதட்டினார்.

வங்கக் கடலில் அந்தக் கணக்கு போடுவது சாதாரணமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் இந்தக் கடலின் மேல்பரப்பில் உப்பு குறைவு. மழைக்காலம் முடிந்த கையோடு இன்னும் குறைவு. உப்பு குறைந்த நீர் கப்பலை அவ்வளவாகத் தாங்காது. அரபிக்கடலில் சரியாக இருந்த கணக்கு இங்கே வந்ததும் பிசகிக் கப்பல் கனத்துவிடும். அதே சமயம் கீழே போனால் உப்பும் குளிர்ச்சியும் திடீரென்று கூடும் ஓர் அடுக்கு வரும். அதன்மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு, கப்பலை அப்படியே உட்கார வைக்க முடியும். கீழே தரை கிடையாது, தண்ணீர்தான்; தண்ணீரின்மேல் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்போம். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கும் அனுபவம் அது. மோட்டார் நின்ற அந்த நேரங்களில்தான் மெஸ்ஸில் கதைகள் களைகட்டும். சத்தம் போடக் கூடாது என்பதால் குசுகுசுவென்று சொல்வார்கள். அடக்கிக்கொண்டு சிரிக்கும் சிரிப்புக்கு ஈடு கிடையாது. கண்ணில் நீர் வந்துவிடும்.

நீருக்கடியில் ஓடுவதெல்லாம் பேட்டரி மின்சாரத்தில். அது தீரத் தீர டீசல் இயந்திரத்தை ஓட்டி நிரப்ப வேண்டும். டீசலுக்குக் காற்று வேண்டுமே? இருட்டியபிறகு பெரிஸ்கோப் ஆழத்துக்கு ஏறி, ஸ்நார்ட் என்ற குழாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டுவோம். காற்று அதன் வழியே வரும். அலை எழும்பிக் குழாயின் வாயை மூடினால் தண்ணீர் உள்ளே வராமல் வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். இயந்திரத்துக்கு அது தெரியாது. வெளியிலிருந்து காற்று வராவிட்டால் கப்பலுக்குள் நாங்கள் சுவாசிக்கும் காற்றை உறிஞ்சும். காது அடைக்கும், கண் வெளியே பிதுங்குகிற மாதிரி இருக்கும். அலை இறங்கியதும் வால்வு திறந்து, ‘புஸ்’ என்று காற்று வரும், காது விடும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் இரவு முழுக்க இதே கதை.

இனி இட்லிக்கு வரலாம். சமையலறை நாலாவது அறையில். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே நுழைய முடியாது. மின்சார அடுப்பு. அதில் இரவு வாட்ச் பார்ப்பவர்களையும் சேர்த்து 75 பேருக்கும் சமைக்க வேண்டும். முதல் வாரம் பச்சைக் காய்கறி ஓடும். பிறகு உருளைக்கிழங்கும் வெங்காயமும். அதுவும் தீர்ந்தால் டப்பா உணவு. எங்கள் சமையல்காரர் இமாசலப் பிரதேசத்துக் காங்ராவைச் சேர்ந்தவர். கடலையே கடற்படைக்கு வந்தபிறகுதான் பார்த்தவர். அவர் கையில் சப்பாத்தி மெத்தென்று வரும். ஆனால் எங்களில் நாகர்கோவில், தூத்துக்குடி, வேலூர்க்காரர்கள் சிலர் இருந்தோம். ஆந்திரத்தவர்களும் மலையாளிகளும் வேறு. எத்தனை நாளைக்குத்தான் சப்பாத்தி? ஒருமுறை கிளம்புவதற்கு முன் விசாகப்பட்டினத்து மில்லில் அரிசியையும் உளுந்தையும் மாவாகவே அரைத்து வாங்கிக் கொடுத்து, எப்படிக் கரைப்பது, எவ்வளவு உப்பு என்று தூத்துக்குடிக்காரர் பாடம் எடுத்தார். காங்ராக்காரர் மிகுந்த பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மாவு புளிக்க நம் வீடுகளில் ஓர் இரவு வேண்டும். கப்பலில் இருந்த வெக்கைக்கு நாலு மணி நேரம் போதும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெரிய பாத்திரத்தில் கரைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி, ஒரு படுக்கைக்கு மேலே இருந்த தட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத் தூங்கப் போனார். நள்ளிரவில் ஸ்நார்ட் செய்ய ஆரம்பித்தோம். கடல் மோசம். வால்வு அடைத்துக்கொண்டது, இயந்திரம் உள்காற்றை உறிஞ்சியது, அழுத்தம் சடாரென்று இறங்கியது. ஏற்கெனவே நிறைந்து நின்ற மாவில் இருந்த குமிழி ஒவ்வொன்றும் பருத்தது. மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ள, மாவு வழிந்து கீழ்ப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த மாலுமியின் நெற்றியில் சொட்டியது.

இரவில் உள்ளே சிவப்பு விளக்குதான் எரியும். சிவப்பு வெளிச்சத்தில் என்ன நிறம் தெரியும்? தலைக்கு மேலிருந்து ஏதோ ஈரமாகச் சொட்டுகிறது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. நீர்மூழ்கியில் அப்படிச் சொட்டினால் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. அதை அவர் முழுக் குரலில் சொன்னார்: “கசிவு! நாலாவது அறையில் கசிவு!” அடுத்த சில நொடிகளில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல், அவரவர் இடத்தில் நின்றார்கள். அறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டைகள் மூடப்பட்டன. நாலாவது அறையில் பாலக்காட்டுப் பெட்டி ஆபீசர் டார்ச்சோடு பாய்ந்தார். தட்டுக்குக் கீழே கையை விட்டார், தொட்டார், நாக்கில் வைத்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு கட்டுப்பாட்டு அறைக்கு இன்டர்காமில் வந்த குரல் இதுதான்: “உப்புக் கரிக்கலை சார். புளிக்குது!”

கேப்டனுக்கு அதை இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பெரிஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனால் மறுநிமிடமே அத்தனை பேரும் எவ்வளவு வேகமாக அவரவர் இடத்துக்குப் போனார்கள் என்பதைப் பாராட்டினார். சத்தம் போட்ட மாலுமியை அழைத்து முதுகில் தட்டி, “இனிமேலும் இப்படித்தான் கத்த வேண்டும்” என்றார். விடிகாலையில் மிச்ச மாவில் இட்லி வெந்தது. பூப்போல வந்திருந்தது என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கொஞ்சம் கூடுதலாகப் புளித்திருந்தது, அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து ஸ்நார்ட்டுக்குத் தயாராகும்படி அறிவிப்பு வந்ததும், ஏதாவது ஓர் அறையிலிருந்து ஒரு குரல், “மாவுப் பாத்திரம் பத்திரம்!” என்று சேர்த்துக்கொள்ளும். தமிழே தெரியாத ஹரியானாக்காரர்களும் அந்த இரண்டு சொல்லையும் சுத்தமாகச் சொல்வார்கள்.

கழிப்பறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பதுபோலச் சங்கிலியை இழுத்துவிட்டு வர முடியாது. வெளியே கடலின் அழுத்தம், உள்ளே நம் அழுத்தம். எந்த வால்வை முதலில் திறப்பது, எதை மூடியபிறகு அழுத்தக் காற்றைச் செலுத்துவது என்று வரிசை உண்டு. வரிசை தப்பினால் போக வேண்டியது திரும்பி வரும். குமிழி மேலே போய் நம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் கட்டுப்பாட்டு அறையில் அனுமதியும் கேட்க வேண்டும். புதிதாக வந்தவர் உள்ளே போனால் வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டு, ஒவ்வொரு படியாக உரக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளிருந்து “சரி… சரி… மூடிட்டேன்… அடுத்தது?” என்று பதில் வரும். மனிதருக்கு மனிதர் வைத்திருக்கும் கூச்சத்தில் பெரும்பகுதி அந்த வாசலிலேயே கழன்றுவிடும்.

குளியல் கிடையாது. நன்னீர் குடிக்கவும் சமைக்கவும்தான். பகலும் இரவும் கடிகாரம் சொன்னால்தான் தெரியும். ஓய்வு கிடைத்தால் நான் சோனார் அறைக்குப் போய்விடுவேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கடல் பேசும். கரையோர ஆழமில்லாத பகுதிகளில் ஒருவகை இறால் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் லட்சக்கணக்கில் சேர்ந்து, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலவே கேட்கும். டால்ஃபின்கள் விசிலடித்துக்கொண்டு கூடவே வரும். எங்கள் சோனார் ஆபரேட்டர் ஒரு ரத்தினகிரிக்காரர். சரக்குக் கப்பலின் விசிறிச் சத்தத்தை வைத்து அதற்கு எத்தனை இறக்கை, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வார். பெரிஸ்கோப்பில் பார்த்தால் அப்படியே இருக்கும். “அவன் சமையலறையில என்ன வேகுதுன்னு மட்டும்தான் சொல்ல முடியாது” என்பார்.

ஓரிடத்தில் மட்டும் நாங்கள் யாரும் பேசுவதில்லை. விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச தூரத்தில், 1971 டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மூழ்கிய பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஜி கிடக்கிறது. எதிரிக் கப்பல்தான். ஆனால் அதற்குள்ளும் ஒரு சமையல்காரர் இருந்திருப்பார், ஓட்டையில் தலையை இடித்துக்கொண்ட ஓர் உயரமான ஆள் இருந்திருப்பார். அந்தப் பக்கம் கடக்கும்போது எங்கள் கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். பார்த்த நாங்களும் அப்படியே செய்யப் பழகினோம்.

என் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். அந்த வட்டாரத்து விஜயநாராயணத்தில் 1990-இல் கடற்படை ஒரு நிலையத்தைத் திறந்தது. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர். 400 மீட்டரைத் தாண்டி நிற்கும் கம்பம் அங்கே உண்டு. சாதாரண வானொலி அலை கடல்நீரைத் துளைக்காது. மிகக் குறைந்த அலைவரிசை மட்டும்தான் சில பத்து மீட்டர் இறங்கும். அதை அனுப்பத்தான் அவ்வளவு பெரிய கம்பம். அதுவும் சொல் சொல்லாக, மிக மெதுவாகத்தான் வரும். நாங்கள் நீருக்குள் இருந்தபடியே கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் மேலே வந்து ஆன்டெனாவை நீட்ட வேண்டும், நீட்டினால் இருக்கும் இடம் வெளிப்பட்டுவிடும். எங்கள் ஊர்ப் பனங்காட்டுக்கு நடுவிலிருந்து கிளம்பிய செய்தி வங்கக் கடலுக்கு அடியில் என் காதுக்கு வருகிறது என்பதில் எனக்கு இருந்த கர்வத்தைக் கப்பலில் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். செய்தி வந்தாலே, “சார், உங்க ஊர்லேர்ந்து போன்!” என்பார்கள்.

அப்படி ஒரு ரோந்தின் நடுவில் வந்த சிக்னலின் கடைசியில் ஒரே ஒரு வரி: சமையல்காரருக்குக் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். அவ்வளவுதான். காங்ராவிலிருந்து தளத்துக்குத் தந்தி வந்திருக்கிறது. தளத்தில் யாரோ நல்ல மனிதர் அதை எங்களுக்கான செய்தியோடு சேர்த்திருக்கிறார். சொற்களைச் சிக்கனப்படுத்தியதில் ஆணா பெண்ணா என்பது விட்டுப்போய்விட்டது.

சமையலறை வாசலில் கூட்டம் கூடியது. கட்டிப் பிடிக்க இடமில்லாததால் ஒருவர் பின் ஒருவராகக் கையை மட்டும் உள்ளே நீட்டிக் குலுக்கினோம். அவர் அழுதுகொண்டே சிரித்தார். கெட்டிப் பால் டப்பாக்களை உடைத்துப் பாயசம் வைத்தார். அதோடு விஷயம் முடியவில்லை. ஆணா, பெண்ணா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கப்பலே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முன் டார்பிடோ அறை முழுக்கப் பையன் கட்சி, பின் டார்பிடோ அறை முழுக்கப் பெண் கட்சி. நடுவே இயந்திர அறை வாரத்துக்கொரு தடவை கட்சி மாறியது. வானொலி அறையில் இருந்தவரிடம் போய், “முழு சிக்னலும் இவ்வளவுதானா? நல்லாப் பாருங்க” என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். மெஸ் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டப்பட்டது. பஞ்சாபி, வங்காளி, மராத்தி, மலையாளம் என்று தாள் நிரம்பி அடுத்த தாள் ஒட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மீனாட்சியும் முருகனும் எழுதிவைத்தார்கள். கேப்டன் வாட்ச் மாறும்போதெல்லாம் வழக்கமான அறிக்கைகளைக் கேட்டுவிட்டு, கடைசியாக, “குழந்தை விஷயம் ஏதாவது?” என்பார். ஒரு நிமிடம் ஆன்டெனாவை நீட்டிக் கேட்டுவிடலாமே என்று ஒருவர்கூட, குழந்தையின் தகப்பன்கூட, கேட்கவில்லை.

ரோந்து முடிந்து திரும்பினோம். மேலே வந்து ஹேட்சைத் திறந்தபோது வெளிக்காற்று எப்போதும்போல முதலில் நாற்றமடித்தது. எங்கள் டீசல் காற்றுக்குப் பழகிய மூக்குக்குக் கடலின் பாசியும் மீனும் தாங்காது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது எவ்வளவு இனிப்பு என்று தெரியும். டால்ஃபின்ஸ் நோஸ் மலையின் கலங்கரை விளக்கம் தெரிந்தது. கால்வாய்க்குள் நுழைந்ததும் மறுகரைக் குன்றுகளில் மாதா கோவிலும் தர்காவும் பெருமாள் கோவிலும் வரிசையாக வந்தன. அவரவர் அவரவர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லோருடைய வேண்டுதலும் ஒன்றுதான், தம் கட்சி ஜெயிக்க வேண்டும் என்பது.

கரை நெருங்கியது. வழக்கமாக அந்த நேரத்தில் மேல்தளத்தில் கயிறு பிடிப்பவர்கள் மட்டும்தான் நிற்க வேண்டும். கேப்டன் சமையல்காரரையும் மேலே வரச் சொன்னார். கையில் மாவோடு வந்து நின்றார். தளத்து அலுவலக எழுத்தர் ஒருவர் கரையில் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். கேப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. மெகாபோனை எடுத்து, கப்பல் கரையைத் தொடும் முன்பே, “பையனா, பெண்ணா?” என்று கத்தினார். எழுத்தர் காதில் கையை வைத்தார். இன்னொரு முறை கத்தினார். எழுத்தர் இரண்டு கையையும் வாயருகே குவித்து, “பெண்!” என்றார்.

பின் டார்பிடோ அறை ஹேட்சிலிருந்து எழும்பிய கூச்சலைக் கேட்டுக் கரையில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். பஞ்சாப்காரர் சமையல்காரரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தோற்ற கட்சிக்காரர்கள்தான் அதிகமாகக் குதித்தார்கள். கரையில் கட்ட வேண்டிய கயிறு அவர்கள் கையிலேயே இருந்தது. கப்பல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கேப்டன் மெகாபோனை மறுபடி எடுத்தார். “சந்தோஷம்! சந்தோஷம்! முதல்ல கயிற்றைப் போடுங்கப்பா!”